நாரை விடுதி வாசலில் பனி

செரி மரப்பலகையில் படத்தைக் குப்புற ஒட்டி, அதன் மேலேயே கத்தியை ஓட்டிச் செதுக்குவது இசோஜியின் தொழில். வேலை முடியும்போது ஓவியர் வரைந்த தாள் தூள்தூளாகியிருக்கும். அவர் என்னதான் வரைந்தார் என்று பிறகு கேட்டால் சாமிக்குத்தான் தெரியும். பலகை சொல்வதுதான் படம்.

தொகாய்தோ நெடுஞ்சாலையின் ஊர்களை வரிசையாகப் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார் எடோ நகரப் பதிப்பாளர் மொஹெய். மலையடிவார ஊரின் பனிக்காலப் படத்தோடு ஒரு பீப்பாய் சாக்கே மதுவும் இசோஜியிடம் கொண்டுவந்தார்.

"அந்த ஊரு நாரை விடுதிக்காரர் குன்பெய் அனுப்பினதுய்யா. விடுதி பேரு படத்துல பளிச்சுனு தெரியணுமாம். இங்கருந்து கிளம்புறவன் எல்லாம் நேரா அவர் வாசல்லதான் போய் இறங்கணுமாம். ஆசையைப் பாரு!"

இசோஜி சிரிக்கவில்லை. போன குளிர்காலத்தில் அவன் தம்பி கமேசோ, அஞ்சல் பை சுமந்து ஓடுகிறவன், காய்ச்சலோடு அந்த விடுதியில்தான் போய் விழுந்தான். வீட்டுக்குள் வழிப்போக்கன் செத்தால் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, குன்பெய் அவனைப் பாயோடு தூக்கி வெளியே போட்டுக் கதவை அடைத்தான். விடிந்தபோது தம்பி விறைத்துக் கிடந்தான். நோயாளி அவனாகவே வெளியே நடந்து போனான் என்று சத்தியம் செய்து தப்பித்துவிட்டான் பாவி.

"பேருதானே? பிரமாதமா வெட்டிடறேன்" என்றான்.

சொன்னபடியே வெட்டினான். நாரை விடுதி என்ற எழுத்து தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தது. ஓவியர் கதவைத் திறந்து வைத்திருந்தார். இசோஜி அந்த இடத்தைத் தோண்டாமல் விட்டான். தோண்டாத மரம் மையைக் குடிக்கும். கதவு கறுப்பாக அடைந்துகொண்டது. ஓவியர் வரைந்த வாசலில் வெறும் பனிதான். பனி வெள்ளையாக விழ வேண்டுமென்றால் மரத்தை முழுக்கச் சீவி எறிய வேண்டும். அவன் கொஞ்சம் எறியாமல் விட்டான். அந்த மிச்சத்தில் ஒரு பாய், அதில் குப்புறக் கிடக்கும் ஒருவன், பக்கத்தில் அஞ்சல் பை. அதிகாரி முத்திரை வைத்த படத்தை மாற்றினால் கையில் விலங்குதான். மாட்டட்டும் என்று துணிந்துவிட்டான்.

ஓவியர் அடுத்த ஊரை வரையப் போயிருந்தார். முதல் பிரதியை மொஹெய் மட்டும்தான் பார்த்தார்.

"யாருய்யா இவன்?"

"குடிகாரன். தெருன்னா ஒருத்தனாவது விழுந்து கிடக்க வேணாமா?"

"அதுவும் சரிதான்" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

முதலில் கண்டுகொண்டவர்கள் அஞ்சல்காரர்கள். "அடேய், இது நம்ம கமேசோடா!" படத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார்கள், கதையும் கூடவே ஓடியது. யாத்திரைக்காரர்களும் குதிரைக்காரர்களும் நாரை விடுதி வாசலில் நின்று, படத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்து, காறித் துப்பிவிட்டு எதிர் விடுதிக்குப் போனார்கள். குன்பெய் ஈ ஓட்டினான். எடோவில் படமோ சுடச்சுட விற்றது. அச்சடித்து அடித்துப் பலகையின் கோடுகள் மழுங்கிப்போக, மறுபடி செதுக்கச் சொல்லிப் புதுப் பலகை அனுப்பினார் மொஹெய்.

அது வந்த அன்றே குன்பெய்யும் வந்தான். வாசலில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான்.

"அண்ணே, பேரை மட்டுமாவது எடுத்துடுங்கண்ணே. குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடுச்சு."

இசோஜியை அண்ணே என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான்.

"எடுக்கலாம். படுத்திருக்கிறவன் யாருன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்."

குன்பெய் இசோஜி நீட்டிய படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தான். நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தான்.

"இது... எந்த வருஷத்து ஆளுங்க?"

இசோஜி புதுப் பலகையை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டான்.

"மொத்தம் எத்தனை பேருன்னு நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. வாசல்ல பனி நிறைய இருக்கு. ஒருத்தர் விடாம படுக்க வெச்சுடறேன்."