ஒரே பெயரில் எட்டு அத்தியாயங்கள்

எதிர் வீட்டுக்காரருக்கு எங்கள் மாடியில் 'ஒழுங்கு' என்றுதான் பெயர். படிக்கட்டில் கிடக்கும் அடுத்தவர் செருப்பைக்கூட அளவுவாரியாக அடுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். வேலை, ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது.

அவர் மனைவி வேறு ரகம். முனைவர் பட்ட ஆய்வேட்டை எட்டு அத்தியாயமாக எழுதியிருந்தாள். அத்தியாயத்துக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே இருக்கும் ஃபைலுக்கு எட்டிலுமே 'வரைவு' என்றுதான் பெயர். ஃபோல்டரைப் பார்த்தால் தெரியாதா என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமை சமர்ப்பித்துவிட்டால் கல்லூரி வேலை நிச்சயம், மாமியார் முகத்தில் முழிக்கிற நேரமாவது குறையும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். மாமியாருக்கும் இது தெரியும், நான் சொல்லவில்லை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒழுங்கு அவள் கணினியைத் திறந்திருக்கிறார். ஒரே வரிக் கட்டளை: எந்த மூலையில் இருந்தாலும் எழுத்து ஃபைல்களைச் சலித்தெடுத்து ஒரே ஃபோல்டரில் போடு. அவள் கணினியிலும் அவர் போட்டுக்கொடுத்த லினக்ஸ்தான்; ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. முதல் 'வரைவு' வந்து உட்கார்ந்தது. அடுத்தது வந்து அதை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தது. எட்டும் இப்படியே. பென் டிரைவில் இருந்த பிரதியை, ரெண்டு ரெண்டாக எதற்கு என்று முந்தின நாளே காலி செய்தாயிற்று.

தலை துவட்டிக்கொண்டு வந்தவளுக்கு மிஞ்சியது, வரிசை தப்பிக் கடைசியாக வந்து உட்கார்ந்த மூன்றாம் அத்தியாயம் மட்டும். கதவு திறந்துதான் கிடந்தது. துணி காயப்போட வந்த நான் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"மிச்சம் ஏழு எங்கங்க?"

"எல்லாத்துக்கும் ஒரே பேரையா வைப்பாங்க? படிச்சவதானே நீ?"

"ஆபீஸ் சர்வர்லயும் இப்படித்தான் கை வைப்பீங்களா?"

"அதெப்படி? அங்க பேக்கப் எடுக்காம தொட்டா வேலை போயிடும்."

அவள் ஈரத் துண்டை அவர் நாற்காலி மேலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாமியார்தான் பின்னாலேயே போனார். பிள்ளை நல்லதுக்குத்தான் செய்தான், இந்த வயசில் பட்டம் வாங்கி யாரைக் காப்பாற்றப் போகிறாய் என்று ஆறுதல். ஒழுங்கு விடிய விடிய மீட்டுப் பார்த்தார். வால் இல்லாத வரிகள் சில வந்தன. வெள்ளிக்கிழமை போயிற்று. வேலை வேறொருத்திக்குக் கிடைத்ததாம்.

போன வாரம் எட்டிப் பார்த்தேன். ஒழுங்கு பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். படம் தனி, பாட்டு தனி, எழுத்து தனி. குறை சொல்ல இடமில்லை. அவள் அந்த அறைக்குள் வருவதே இல்லையாம்.