பூஜ்ஜியத்திலிருந்து இருபத்தொரு மைக்ரான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒருத்தி தேடிவந்து எழுதச் சொன்னது. நிஜப் பெயர் மட்டும் போடக்கூடாது என்றாள். எனவே அவள் லோகப்பிரியா, அவன் தாரிக்.

2

முதல் வரி: "லோகப்பிரியா கணக்கில் மக்கு."

அடித்துவிட்டேன். பொய். ஏழு வருடம் பிள்ளை வளர்த்துவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை ஒன்றில் அளவு பார்க்கும் வேலைக்கு வந்தவள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி வேங்கடசாமி. மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

பம்புக்குள் சுழலும் தண்டான ஷாஃப்ட், சொன்ன அளவைவிடப் பருத்தால் பிளஸ், மெலிந்தால் மைனஸ். கணக்கு மைக்ரானில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து ஷாஃப்டில் பிசகு குறைந்த மூன்றை, ஆர்டர் தரவிருந்த கம்பெனிக்கு மாதிரியாக அனுப்பச் சொன்னார்கள். அவள் கம்ப்யூட்டரில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, மேலே வந்த மூன்றை அனுப்பிவிட்டாள். −21, −18, −15.

(பள்ளிக்கூடத்தில் படித்தது சரிதான்: −21 என்பது +2-ஐவிடச் சிறியது. ஆனால் பிசகு என்பது பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. அந்தப்புறமா இந்தப்புறமா என்று அது பார்ப்பதில்லை. −21 இருபத்தொன்று தள்ளி. +2 இரண்டே இரண்டு. கம்ப்யூட்டர் அவள் கேட்டதைத்தான் கொடுத்தது.)

3

வாங்கும் கம்பெனியில் அளந்து பார்ப்பவன் தாரிக். அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். 'சிவப்பு மையில் தள்ளுபடி என்று எழுதிவிட்டுத் தாரிக் சிரி—'

வரவில்லை. அந்த மனுசன் செய்யாததை நான் எப்படிச் செய்யவைப்பேன்? அவன் கம்பெனி போனில் அவளைக் கூப்பிட்டான்.

"ஏனுங்க, மூணுமே மைனஸா இருக்குதுங்க. வரிசைல மேல வந்ததை எடுத்துப்போட்டீங்களாட்ட இருக்குது."

ஆமாங்க என்றாள்.

"குறியை வெரல்ல மூடிப்போட்டு நம்பரை மட்டும் பாருங்க. நாலு மணிக்குத்தானுங்க நான் ரிப்போர்ட் எழுதுவேன்."

மூடிப் பார்த்தாள். +2, −3, +4 மூன்றும் அலமாரியிலேயே கிடந்தன. பெட்டி மாறிப்போச்சு என்று மட்டும் பட்டறையில் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்தாள். மேட்டுப்பாளையம் ரோட்டின் நெரிசலில் நீந்தி மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

4

ஆர்டர் கிடைத்து லட்டு கொடுக்கும் முடிவு ஒன்று வைத்திருக்கிறேன். விஷயம் தெரிந்து வேங்கடசாமி அவளை வீட்டுக்கு அனுப்பும் முடிவு இன்னொன்று. இரண்டும் வேண்டாம் என்றாள்.

நடந்தது இவ்வளவே. தாரிக்கைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். நன்றி என்று வாய் திறந்தால் எதற்கு என்று கேட்பார்கள். அவன் வேலைக்கே வினையாகிவிடும். பெட்டியை மாற்றிக்கொண்டு பேசாமல் திரும்பிவிட்டாள். அது அவளை இன்றும் அறுக்கிறது. அடுத்த மாதமே அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். எங்கே என்று விசாரிக்கவும் பயம்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை, வாசிக்கிறவரே. கொங்குநாட்டில் ஏதோ ஒரு பட்டறையில் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்று இதைப் படித்து, 'அட, நான் போன் பண்ணின அந்த அம்மணி' என்று நீங்கள் நினைத்தால், இது உங்களுக்காக எழுதியது. உங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை என்பதால் சொல்கிறேன்: அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.