இரண்டாவது குழி

பயிற்சி வீரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக். அறைக் கதவில் பாதுகாப்பு அதிகாரி என்று எழுதியிருந்தது. பிரேக் வருது என்று அவர்கள் கிசுகிசுப்பது அவள் காதில் விழும். விழாததுபோல் போய்விடுவாள்.

கையெறி குண்டுக் களத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மணல் மூட்டை அடுக்கிய குழிக்குள் நின்று ஒருவன் எறிவான். மற்றவர்கள் சுவருக்குப் பின்னால் குந்தியிருப்பார்கள். குண்டு வெடித்ததும் எல்லோரும் சேர்ந்து "வெடிச்சாச்சு" என்று கத்த வேண்டும். சத்தம் வராவிட்டால் கத்தக் கூடாது. அப்படியென்றால் களத்தில் ஒரு குண்டு வெடிக்காமல் கிடக்கிறது. சிவப்புக் கொடி இறங்காது, ஒருவரும் உள்ளே போகக் கூடாது. ஒரு எறி, ஒரு சத்தம், ஒரு கத்தல். அந்த வேலையின் பாதுகாப்பு மொத்தமும் இதில்தான் நின்றது.

அன்று மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைமைப் பயிற்சியாளர் இரண்டாவது குழியையும் திறந்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அவளுடைய அக்கா கணவர். அதனாலேயே கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். வெளிவாசலில் ஆம்புலன்ஸைச் சரிபார்த்துவிட்டு அவள் திரும்பியபோது இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையை ஓங்கியிருந்தார்கள். அவள் நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டு குண்டுகளும் பறந்தன.

ஒரு சத்தம் கேட்டது.

"வெடிச்சாச்சு" என்றார்கள் எல்லோரும்.

புதிய இலக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசை களத்துக்குள் இறங்கத் தயாரானது. அவள் குறுக்கே போய் நின்றாள். ஒன்றுதான் வெடித்தது என்றாள். இரண்டும் சேர்ந்து வெடித்தால் ஒன்றாகத்தானே கேட்கும் என்று தலைமைப் பயிற்சியாளர் சிரித்தார். எத்தனை சத்தம் கேட்டது என்று முன்னால் நின்றவனிடம் அவள் கேட்டாள். அவன் பார்வை அவளைத் தாண்டி அவர் முகத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"ரெண்டு, மேடம்."

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்மா. இப்ப கொடிய இறக்கு. பெரியவர் வர்ற நேரம், என் மானத்த வாங்காத."

கோபம் வந்தால் அவள் குரல் உயராது, அடங்கிப்போகும். சிறுவயதில் அக்கா பயந்தது அந்தக் குரலுக்குத்தான். கொடிக்கம்பத்தின் கயிற்றை அவிழ்த்துத் தன் பெல்ட்டில் இறுக்கி முடிந்துகொண்டாள்.

"இது கீழ வரணும்னா நான் மேல போகணும், சார். தூக்கி விடுறீங்களா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் முகம் கறுத்தது.

வெடிக்காத குண்டுகளை அழிப்பவருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் குனிந்து குனிந்து களத்தைத் தேடிக்கொண்டிருக்கையில், மேலதிகாரியின் கார் வந்து வாசலிலேயே நின்றது. ஒன்றும் கிடைக்காவிட்டால்? அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆயுசுக்கும் இந்தக் கதைதான் ஓடும். குண்டு அங்கே கிடக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். யார் காலடியிலோ வெடித்திருக்கக்கூடிய ஒன்றை, தான் ஜெயிப்பதற்காக வேண்டிக்கொள்வதா? தன்னை இப்படி வேண்ட வைத்தவர் மேல் ஆத்திரம் இன்னும் மூண்டது.

கிடைத்தது. நடுப் பலகைக்குக் கீழே, புழுதியில் பாதி புதைந்து. அங்கேயே வைத்து வெடித்து அழித்தார்கள். மண் எழும்பி அடங்கியது. இந்த முறை யாரும் கத்தவில்லை. ரெண்டு என்று சொன்னவன் தன் கையிலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுப் பலகையை மாற்றப் போக வேண்டியவன் அவன்தான்.

தலைமைப் பயிற்சியாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதான் ஒண்ணும் ஆகலையே."

அந்த வார்த்தை அவளோடு வீடுவரை வந்தது. சாயங்காலம் அக்கா போனில் அழுதாள். எல்லார் முன்னாலும் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்றாள்.

"தலை குனிஞ்சா நிமிர்ந்துக்கலாம்க்கா. அந்தப் பசங்களுக்குக் கால் போயிருந்தா?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை களத்துக்கு வந்தபோது இரண்டு குழிகளும் திறந்திருந்தன. அவருடைய உத்தரவாம். அவள் அவரைத் தேடிப் போகவில்லை. ஒரு மணல் மூட்டையை இழுத்து வந்து இரண்டாவது குழிக்குள் தள்ளினாள். பிறகு இன்னொன்று. அவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நடுப் பலகைக்காரன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். அவருக்கும் கேட்கும்படியே சொன்னான். "மேடம், நேத்து எனக்கும் ஒண்ணுதான் கேட்டுச்சு."

"நேத்து சொல்லியிருக்கணும்" என்றாள், மூச்சிரைக்க. "அந்தப் பக்கம் பிடி."