மாஷி தாபா

என் கணவர் ஷவ்கிக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடாது. பன்னிரண்டு வருஷமாக இதை நான் எல்லா விருந்திலும் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சிரிப்பார்.

அவர் கெய்ரோக்காரர். நான் மொராக்கோவில் ஸலேயில் பிறந்தவள். ஆற்றைத் தாண்டினால் ரபாத். இரண்டு பேர் பேசுவதும் அரபிதானே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் வந்து ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். அவர் ஊரில் ‘மாஷி’ என்றால் சரி. எங்கள் ஊரில் ‘மாஷி’ என்றால் இல்லை. இந்த ஒரு சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும்.

கல்யாணமே அதில்தான் ஆரம்பித்தது. அப்போது நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன், இப்போதும் அங்கேதான். ஷவ்கி மொராக்கோ ஃபுட்சால் அணிக்கு, அதாவது அரங்கத்துக்குள் ஆடும் கால்பந்து அணிக்கு, கோல்கீப்பர் பயிற்சியாளராக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணுக்கால் வலித் தைலம் வாங்க வாரத்துக்கு நான்கு தடவை வருவார். ஐந்து பேர் ஆடுகிற ஆட்டத்தில் எத்தனை கணுக்கால் இருந்துவிட முடியும்? ஒரு நாள் தைலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, “நாம கல்யாணம் பண்ணிக்கலாம், மாஷி?” என்றார். கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. “மாஷி தாபா” என்றேன். இப்போது இல்லை என்று அர்த்தம். மனுஷன் முகம் மலர்ந்து போய்விட்டார். மூன்றாவது வாரம் கெய்ரோவிலிருந்து அவர் அம்மா, கையில் வளையல் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். நான் சரி சொன்னதாக ஷவ்கி நினைத்துக்கொண்டுவிட்டார் என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை. பிடித்துத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

இதுதான் என் கதை. இந்த வருஷம் அரபு நாடுகளின் ஃபுட்சால் கோப்பை ரபாத்தில் நடந்ததே, அதன் இறுதி ஆட்டம் வரைக்கும் இதை இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரையிறுதியில் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் நடுவரிடம் வாயைக் கொடுத்துச் சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். இறுதி ஆட்டத்தில் அவர் பெஞ்சுப் பக்கமே வரக்கூடாது. பொறுப்பு ஷவ்கியின் தலையில் விழுந்தது. எதிரணி எகிப்து. போதாக்குறைக்கு எகிப்தின் கோல்கீப்பர் ரிஃபத், பதினான்கு வயதிலிருந்து ஆறு வருஷம் கெய்ரோவில் ஷவ்கியே வளர்த்துவிட்ட ஆள்.

ஆட்டத்தன்று காலை ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டவர் தொட்டபடியே வைத்திருந்தார்.

“நஸீஹா, தோத்தா நாம கெய்ரோ போயிடலாம்.”

“எதுக்கு?”

“இந்த ஊர்ல ரொட்டி வாங்கப் போக முடியாது. எகிப்துக்காரன் கப்பைத் தூக்கி எகிப்துக்கே குடுத்துட்டான்னுதான் பேசுவாங்க.”

“ரொட்டி நான் வாங்கிட்டு வரேன்.”

அவர் சிரிக்கவில்லை. முந்தின நாளே தம்பிக்குப் போன் போட்டு, கெய்ரோ வீட்டின் மாடி காலியாக இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.  மாமியார் நல்லவர்தான், கெய்ரோவும் நல்ல ஊர்தான். ஆனால் என் கடை இங்கே, என் ஆறு இங்கே, என் சண்டைகளெல்லாம் இங்கே.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். குடும்பத்தினருக்கு பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசை. டாக்ஸியை வெளியில் நிறுத்திவிட்டு என் தம்பி அனஸும் வந்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

எகிப்தின் கீதம் ஒலித்தது. ஷவ்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

“அக்கா, மச்சான் வாய் அசையுது பாத்தியா? சாப்பாடு இங்க, பாட்டு அங்க” என்றான் அனஸ்.

“மூடிக்கிட்டு உக்காருடா.”

அடுத்து எங்கள் கீதம். அதற்கு அவர் வாய்விட்டே பாடினார், இரண்டு இடத்தில் தப்பாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் பாதி முடியும்போது இரண்டுக்குப் பூஜ்யம், எகிப்து முன்னிலை. பின் வரிசையிலிருந்து ஒருவர், “கோச், நீங்க எந்தப் பக்கம்னு கொஞ்சம் சொல்லிட்டு ஆரம்பிங்க” என்று கத்தினார். சுற்றிச் சிரிப்பு. ஷவ்கி திரும்பவில்லை, ஆனால் அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். திரும்பி அந்த ஆளை ஒரு முறை முறைத்தேன். அதற்குப் பிறகு அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்திருப்பார்.

இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளைகள் எழுந்துகொண்டார்கள். ஒன்று, இரண்டு, பிறகு அவர்கள் ஒன்று, மறுபடி நாங்கள் ஒன்று. மூன்றுக்கு மூன்று. எகிப்துக்காரர்கள் அவசரத்தில் இடித்து இடித்தே ஐந்து தவறு செய்துவிட்டிருந்தார்கள். கடிகாரத்தில் நாற்பத்தோரு விநாடி மிச்சமிருக்கும்போது எங்கள் கேப்டன் நூருத்தீனை ஒருவன் காலைத் தட்டி விழவைத்தான். ஆறாவது தவறு. ஒரு பாதியில் ஐந்து தவறைத் தாண்டினால் பத்து மீட்டரிலிருந்து உதை, நடுவில் தடுப்பு கிடையாது, உதைப்பவனும் கோல்கீப்பரும் மட்டும். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது.

இந்த உதையை எப்போதும் நூருத்தீன்தான் அடிப்பான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டான். ஷவ்கி ஒரு நிமிட இடைவேளை கேட்டார்.

எல்லோரும் பெஞ்சைச் சுற்றிக் குனிந்தார்கள். என் முழங்காலுக்கும் அவர்களுக்கும் இரண்டு அடி தூரம். ஷவ்கி நூருத்தீனைத் தாண்டிப் போய் இல்யாஸ் முன்னால் உட்கார்ந்தார். கூரிப்காவிலிருந்து வந்த பையன், இடது கால்காரன். முதல் சுற்றில் குவைத்தோடு இதே மாதிரி ஒரு உதையைக் கூரைக்கு அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தவன்.

“இல்யாஸ், நீ அடி. மாஷி?”

இல்யாஸ் துண்டில் முகத்தைப் புதைத்திருந்தான். துண்டுக்குள்ளிருந்தே சொன்னான்: “மாஷி அனா.”

நான் இல்லை என்கிறான். பெஞ்சில் எல்லோருக்கும் அது கேட்டது. எனக்கும் கேட்டது. ஷவ்கியின் முகத்தில் மருந்துக்கடையில் பார்த்த அதே மலர்ச்சி. “அப்படிச் சொல்லு” என்று அவன் கன்னத்தைத் தட்டினார். நூருத்தீன் கையிலிருந்த பந்தை வாங்கி அவன் மடியில் வைத்தார்.

“கோச், அவன் என்ன சொல்றான்னா...” என்று நூருத்தீன் ஆரம்பித்தான். மணி அடித்துவிட்டது.

 பதற்றத்தில் மனுஷனுக்குப் பிறந்த ஊர்ப் பேச்சுதான் காதில் விழுகிறது. ‘சரி, நான்’ என்று கேட்டிருக்கிறது அவருக்கு. எழுந்து நின்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். எட்டாயிரம் பேர் முன்னால் என் கணவருக்குப் பாஷை தெரியாது என்று நானே சொல்வதா? விருந்தில் சொல்லிச் சிரிப்பது வேறு. உட்கார்ந்துவிட்டேன். கெய்ரோ வீட்டு மாடியில் துணி காயப்போடுவது எப்படி இருக்கும் என்று யோசித்தேன், சத்தியமாக.

இல்யாஸ் பந்தைப் புள்ளியில் வைத்தான். ரிஃபத் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். அனஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இல்யாஸ் நான்கு எட்டு வைத்து இடது காலால் அடித்தான். ரிஃபத்தின் வலது முழங்கால் ஒரு இமைப்பொழுது முன்னாலேயே தரையைத் தொட்டுவிட்டது. பந்து அவன் இடது தோளை உரசி, கம்பத்தில் பட்டு, உள்ளே போனது. அழகான கோல் ஒன்றும் இல்லை. ஆனால் கோல்.

மிச்ச விநாடிகளில் எகிப்து கோல்கீப்பரையும் எடுத்துவிட்டு ஐந்தாவது ஆளையும் முன்னால் அனுப்பித் தாக்கியது. எங்கள் கீப்பர் ஒரு பந்தை மூக்காலேயே தடுத்தான். சைரன் ஒலித்தபோது எல்லோரும் இல்யாஸ் மேல் போய் விழுந்தார்கள். ஷவ்கி அந்தப் பக்கம் போகவில்லை. தன் கோல் கம்பத்தடிக்கே திரும்பி வந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ரிஃபத்துக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அங்கேயே இருந்தார்கள்.

பாலத்தைத் தாண்டி வரும் வழியெல்லாம் அனஸ் டாக்ஸியில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். “மச்சான், நான் அப்பவே சொன்னேன்ல” என்றான் மூன்று தடவை. என்ன சொன்னான் என்று எனக்குத்தான் தெரியும். இறங்கும்போது ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து, ஷவ்கி கையில் நான்கு ரொட்டியைத் திணித்து நெற்றியில் முத்தமிட்டார்.

வீட்டில் பருப்பைச் சுடவைத்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று மணி நேரம் அடக்கி வைத்திருந்தது அதோடு வெளியே வந்தது.

“காது கேக்குதா உங்களுக்கு? அந்தப் பையன் நான் இல்லைன்னு சொல்றான், நீங்க அவன் மடியில பந்தை வைக்கிறீங்க. வெளிய போயிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“நான் இல்லைன்னு சொன்னான். கேட்டுச்சு.” ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். “இடது கால்காரன் ஓடி வந்தா ரிஃபத்துக்கு வலது முட்டி முன்னாடியே மடியும். ஆறு வருஷம் திருத்திப் பாத்தேன், திருந்தல. நூருத்தீன் அடிச்சிருந்தா பிடிச்சிருப்பான். அந்தப் பையன் வாய் இல்லைங்குது, கண்ணு பந்தை விட்டு நகரல. துண்டு ஓரத்தில பாத்துக்கிட்டே இருந்தான்.”

“இதை அவன்கிட்டச் சொல்றதுதானே?”

“ஒரு நிமிஷத்தில என்னத்தச் சொல்றது? நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு சொல்வான், நூருத்தீன் ஒண்ணு சொல்வான். பாஷை தெரியாதவன்கிட்ட யாரு வாதாட முடியும்?”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் என் தலைக்குள் ஒரு தடவை சுற்றி வந்தது.

“அப்ப அன்னிக்கு மருந்துக்கடையில?”

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீ என்ன சொன்னே?”

“மாஷி தாபான்னு சொன்னேன். இப்ப இல்லைன்னு.”

“அதான். இப்ப இல்லைன்னுதானே சொன்னே. நான் மூணு வாரம் கழிச்சுத்தானே அம்மாவை அனுப்பினேன்.”

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று இப்போது கேட்டால் தெரியாது. எத்தனை விருந்தில் இவரை முட்டாளாக்கிச் சிரித்திருக்கிறேன். அத்தனை தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து சிரித்தாரே. அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட வேண்டும் போல இருந்தது, ஆட்டினேன்.

“வெளிய யாருக்கும் சொல்லிடாதே” என்றார், வாயில் ரொட்டியோடு. “நான் பாஷை தெரியாதவனாவே இருந்துக்கறேன். அதுதான் வசதி. மாஷி?”

“மாஷி” என்றேன்.

எந்த ஊர் மாஷி என்று அவர் கேட்கவில்லை.