பச்சைக் கம்பி

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொட்டகைக்குள் போனேன். சுவரில் ஆணி காலியாக இருந்தது.

ஆணி காலியாக இருந்தால் குடியா முழுகிப்போகும் என்பீர்கள். முழுகும். சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஜனங்கள் தூக்கிப் போடும் பழைய புல்வெட்டும் மிஷின்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடவைப்பேன். வாரத்தில் ஐந்து நாள் அச்சகம், மீதி இரண்டு நாள் இந்தக் கொட்டகை. "ஊரார் வீட்டுக் குப்பைக்கெல்லாம் நாமதான் சம்பந்தியா?" என்பாள் என் மனைவி. இதுவரை பதினொரு மிஷின் ஓடவைத்திருக்கிறேன். ஒரு வாய் சபாஷ் சொன்னதில்லை. அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த மிஷினின் கைப்பிடியில் ஒரு லிவர் இருக்கும். அதைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் வரைதான் இன்ஜின் ஓடும். கையை விட்டால் இன்ஜினும் நின்றுவிடும், அடியில் சுற்றும் கத்தியும் நின்றுவிடும். ஓட்டுகிறவர்கள் கைகாலோடு வீடு திரும்புவது அந்த லிவரால்தான். ஆனால் பழுது பார்க்கிறவனுக்கு அது பெரிய இம்சை. இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து கார்புரேட்டரைத் திருகும்போது, லிவரைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் ஒரு சாண் கம்பியால் லிவரைக் கட்டிவிடுவேன். வேலை முடிந்ததும் அவிழ்த்து ஆணியில் மாட்டுவேன். ஒரே கம்பி, ஒரே ஆணி. கம்பி ஆணிக்கு வராமல் எந்த மிஷினும் கொட்டகையைத் தாண்டாது. எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் அது.

வியாழக்கிழமை சாயங்காலம் பதினொன்றாவது மிஷினை என் தங்கைக்குக் கொடுத்தேன். வண்டியில் பெட்ரோல் சிந்தக் கூடாதே என்று, டாங்கில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை ஓடவிட்டே தீர்த்தேன். மிஷின் தானாக நின்றது. லிவரை விடவேண்டிய அவசியமே வரவில்லை. கைப்பிடிக்கு நான் அடித்த பெயிண்ட் பச்சை. கம்பியின் உறையும் பச்சை. எத்தனை அழகாக வந்திருக்கிறது என்று மெய்மறந்து பார்த்தேன், மடித்தேன், ஏற்றினேன், அவள் வீட்டில் இறக்கினேன். கம்பி லிவரிலேயே இருந்திருக்கிறது.

இறக்கிவைத்துவிட்டு ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். "லிவரை விட்டா கத்தி நின்னுடும். ஈரப்புல் அடைச்சுக்கிச்சுன்னா விட்டுட்டு மூணு எண்ணு. அப்புறம் தாராளமா கையை விட்டு எடு. ஒண்ணும் ஆகாது." இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? அதையெல்லாம் சொன்னால் பயந்துபோய் மிஷினே வேண்டாம் என்பாளோ என்று விட்டுவிட்டேன்.

என் தங்கை தையற்காரி. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். முதுகுவலி வந்ததிலிருந்து பாதி நாள் படுக்கைதான். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அவளுடைய பத்து விரலால். வெள்ளிக்கிழமை முழுக்க மழை. இன்று வெயில். சனிக்கிழமை வெட்டுவேன் என்று சொல்லியிருந்தாள்.

போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

"ஏங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று மனைவி வாசலில் வந்து நின்றாள். ஆணியைக் காட்டினேன். வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேலி பேசியிருப்பாள். இன்று அவள் முகமும் வெளுத்தது. அதைப் பார்த்து என் பயம் இரட்டிப்பானது.

"ஓடுங்க. நான் போன் போட்டுக்கிட்டே இருக்கேன்."

வியாழக்கிழமை மிஷினை ஏற்றிப்போன வண்டி பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் வேலைக்குப் போயிருந்தார். நாலு தெரு. செருப்பை உதறிவிட்டு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் நான் ஓடுவதைப் பார்த்து ஒரு நாய்கூட ஒதுங்கி நின்றது. கடவுளே, அவள் தூங்கிக்கொண்டிருக்கட்டும். மிஷின் ஸ்டார்ட் ஆகாமலே போகட்டும். என் வேலை மட்டமான வேலையாகவே இருக்கட்டும். இத்தனை வருஷத்தில் நான் அப்படி வேண்டிக்கொண்டது அன்றுதான்.

அவள் தெரு முனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. என் மிஷின்தான். ஏறி இறங்கி வந்தது. அப்படி வந்தால் யாரோ தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள் என்று அர்த்தம். கை கைப்பிடியில் இருக்கிறது. அப்பாடா என்று கொஞ்சம் மூச்சு வந்தது.

நாலாவது வீடு அவளுடையது. இரண்டு வீடு பாக்கி இருக்கும்போது சத்தம் கம்மியது. ஈரப்புல் அடைத்துவிட்டது. இனி அவள் லிவரை விடுவாள், இன்ஜின் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒரே இடத்தில் ஒரே சீராக ஓடியது.

கேட்டைத் தள்ளினேன். மிஷின் தோட்டத்து நடுவில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் யாரும் இல்லை. எனக்கு முதுகைக் காட்டி, புல் வெளியே வரும் வாய்ப் பக்கத்தில் அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வலது கையை நீட்டி வைத்திருந்தாள்.

கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளை இழுத்தால் தடுமாறி மிஷின்மேலேயே விழுவாளோ என்று பயம். முன்பக்கம் பாய்ந்து பிளக்கின் தொப்பியை வெறுங்கையால் பிடுங்கினேன். தோள்பட்டை வரைக்கும் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. இன்ஜின் செத்தது. நான் ஈரப் புல்லில் மல்லாந்து கிடந்தேன்.

"அண்ணா! என்ன ஆச்சு? யாராவது துரத்துறாங்களா?"

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடி!"

காட்டினாள். விரல்களை எண்ணினேன். பத்து. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

"மிஷின் ஓடிக்கிட்டிருக்கு, உள்ள கையை விடப் போறியே, அறிவிருக்கா உனக்கு?"

"நீதானே சொன்ன, விட்டா கத்தி நின்னுடும்னு? இன்ஜின் நிக்கும்னு நீ சொல்லவே இல்லையே. அது பாட்டுக்கு ஓடும், கத்தி மட்டும் நிக்கும்னு நெனச்சேன்."

எனக்கு இரண்டும் ஒன்று. அவளுக்கு யார் சொன்னார்கள்?

"அப்ப ஏன் உடனே உள்ள கையை விடல?"

"எண்ணிக்கிட்டிருந்தேன்."

"மூணு எண்ண இவ்வளவு நேரமா?"

அவள் கொஞ்சம் அசடு வழிந்தாள். "கோவிச்சுக்காத. மூணுன்னு சொன்னது நீ. நான்தான் பத்தா வச்சுக்கிட்டேன். சின்ன வயசுல நீ 'ஒண்ணும் ஆகாது, குதி'ன்னு சொல்லித்தானே சுவத்து மேலேர்ந்து குதிச்சு கையை ஒடிச்சுக்கிட்டேன்? அதுலேர்ந்து நீ ஒண்ணும் ஆகாதுன்னாலே நான் கொஞ்சம் கூட்டித்தான் வச்சுக்குவேன்."

"எத்தனை வரைக்கும் எண்ணின?"

"எட்டு."

வீட்டுக்குள் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். "சொல்லுங்க அண்ணி... இங்கதான் இருக்காரு, புல்லுல உருண்டுக்கிட்டு... எனக்கா? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஏன் அழறீங்க?"

திரும்பி வந்தவளுக்குக் கம்பியைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கைப்பிடிப் பக்கம் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். தையற்காரியின் விரல்கள், ஒரே நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டன. கம்பியை என் சட்டைப்பையில் போட்டாள்.

"தொப்பியை மாட்டு. சரியா நிக்குதான்னு பாக்கணும்."

"இன்னிக்கு வேணாம்மா."

"மாட்டு அண்ணா."

மாட்டினேன். அவள் கயிற்றை இழுத்தாள். மிஷின் ஓடியது. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே லிவரை விட்டாள். இன்ஜின் அடங்கியது. தோட்டமே அமைதியானது. அவள் குனியவில்லை. நின்ற இடத்திலேயே, எனக்குக் கேட்கும்படி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். எட்டு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் நிறுத்தாமல் பத்து வரைக்கும் எண்ணி முடித்தாள்.