உப்புக் குறைந்த வீடு

என் மாப்பிள்ளை கத்தி எடுத்தார்னா கழுத்தை நீட்டிட்டுத் தூங்கலாம். எங்க சலூன்ல பாதிப் பேர் அப்படித்தான் தூங்குவாங்க. தங்கச்சி புருஷன்ங்கிறதுக்காக நாற்காலி கொடுத்தேன்னு பேசுறவங்க பேசட்டும், கை அப்படி.

அவருக்கு மனசுல ஒரு நோய். கொஞ்ச நாள் தூக்கமே இல்லாம ஊரையே விலைக்கு வாங்குறேன்னு திரிவார், அப்புறம் வாரக்கணக்கா எழுந்திருக்கவே மாட்டார். டாக்டர் லித்தியம் மாத்திரை கொடுத்த பிறகுதான் மனுஷனானார். மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு டாக்டர் சொன்னது எங்க மண்டையில ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. வேற என்னென்னமோ கூடச் சொன்னார், அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?

இதுக்கிடையில எனக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போச்சு. ஒரே வீட்டுல ரெண்டு சமையலான்னு தங்கச்சி எல்லாருக்கும் சேர்த்தே உப்பை நிறுத்திட்டா. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு நான் தட்டைத் தள்ளினேன். மாப்பிள்ளை மட்டும் ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டார். பொண்டாட்டிதாசன்னு கிண்டல் பண்ணினேன்.

கொஞ்ச நாள்ல டீ டம்ளர் அவர் கையில ஆட ஆரம்பிச்சது. வயித்தால போகுதுன்னார். பேச்சு குழறிச்சு. ஒரு வாடிக்கையாளரோட காதோரத்தைக் கீறிட்டார். எனக்கு வந்துச்சே கோபம்! நோய் திரும்புது, மாத்திரையைத் துப்புறார்னு முடிவே பண்ணிட்டேன். என் கையாலதான் கொடுக்கிறேன் அண்ணேன்னு தங்கச்சி அழுதா. அன்னையிலேர்ந்து அவர் முழுங்கி வாயைத் திறந்து காட்டுற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் நகரமாட்டோம். ஒரு வேளைகூடத் தவறல. கை இன்னும் மோசமாத்தான் ஆச்சு.

வாடிக்கையாளருங்க அவர் நாற்காலியைச் சுத்திப் போக ஆரம்பிச்சாங்க. ஊர் வாயை அடைக்க நானே அதுல போய் உட்கார்ந்தேன். கடை முழுக்க ஆள். நுரை போட்டார். கத்தி தொண்டைக்கிட்ட வந்து நின்னுச்சு. கண்ணாடியில பார்த்தேன், கத்தி மட்டும் இல்ல, தோள் வரைக்கும் துடிக்குது. எனக்கு எச்சில் முழுங்கவே பயமா இருந்துச்சு.

"மச்சான், எழுந்திருங்க," என்றார் குழறலா. "கை என் பேச்சைக் கேக்கல."

கத்தியைத் தூர வீசிட்டு அப்படியே சரிஞ்சார்.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, மருந்து உடம்புல விஷமாத் தேங்கியிருக்குன்னாங்க. அதிகமாக் கொடுத்தீங்களான்னு லித்தியம் கொடுத்த அதே டாக்டர் கேட்டார். கொடுக்கல, குறைக்கவும் இல்லைன்னு தங்கச்சி சத்தியம் பண்ணினா. அப்ப வேற என்ன மாறுச்சுன்னு கேட்டார்.

"உப்பு," என்றாள். "உப்பைத்தான் நிறுத்தினேன். அது நல்லதுதானே டாக்டர்?"

உடம்புல உப்பு குறைஞ்சா சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாம பிடிச்சு வச்சுக்கும், உப்பையோ தண்ணியையோ திடீர்னு குறைக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனேன்னார் டாக்டர். ரத்தத்தைச் சுத்தம் பண்ணி உயிரைக் காப்பாத்திடலாம். கை பழையபடி நிக்குமான்னு சொல்ல முடியாதுன்னும் சொல்லிட்டார்.

பாவி மக, ஒருத்தனைக் காப்பாத்தப் போய் இன்னொருத்தனை...

மாப்பிள்ளை கண் முழிச்சதும் தங்கச்சி சாப்பாடு கொண்டுபோனா. கரண்டியை அவரே எடுத்தார். அது உதட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி மார்புல கொட்டிப்போச்சு. அவ துடைச்சுட்டு ஊட்டிவிட்டா.

மெதுவா மென்னு முழுங்கினார். அவ முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கு," என்றார்.