கழுதை ஏறிய பஸ்

டிசம்பர் விடுமுறை தொடங்கிய அன்றே ரிப்காவுக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை. பள்ளிக்கூட நாளில் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். முற்றத்துக்குக்கூடப் போகக் கூடாதென்று உம்மா ரபீகா கதவைச் சாத்திவிட்டதில், வீடு முழுக்க அவளுடைய முறைப்பாடுதான். அது மதிலைத் தாண்டியும் கேட்டதால், பக்கத்து வீட்டு அனற் டீச்சர் ஜன்னல் வழியாக ஒரு பென் ட்ரைவை நீட்டினார்.

"இதுல ஒரு நத்தார் படம் இருக்கு ரிப்கா. கார்ட்டூன். வாற கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை எங்க சர்ச் ஹோல்ல பிள்ளைங்களுக்குப் போடப் போறோம். நீ முதல்ல பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

மூன்று கதைகளைச் சேர்த்து எடுத்த படம் அது. டீவியில் பிள்ளைகள் தினமும் பார்க்கிற ஆட்கள்தான் மூன்றிலும் வருகிறார்கள். முதல் கதையில் மொத்திக் கரடி விருந்துக்காகக் கேக் சுடுகிறது. ருசி பார்க்கிறேன் என்று முழுவதையும் தின்றுவிட்டு மறுபடி மாக் குழைக்கிறது. இரண்டாவது கதை மினுக்கி நரியுடையது. விருந்துக்கான அழைப்புக் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போகும் நரி, பாலத்தில் வீசிய காற்றில் கடைசிக் கடிதத்தைப் பறிகொடுத்து, பனியில் தேடு தேடென்று தேடி, கிடைக்காமல் அழுதபடி திரும்புகிறது. மூன்றாவது, தொங்கன் கழுதை. தன்னை ஒருவரும் அழைக்கவில்லை என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊரை விட்டே போவதற்காகப் பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த காட்சியில் கரடி வீட்டுக் கதவைத் தட்டுகிறது. எல்லோரும் அதைக் கட்டிப்பிடித்துப் பாடுகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது.

ரிப்கா அதை மூன்று நாளில் எட்டுத் தடவை பார்த்தாள். எட்டாவது தடவையில் வாப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவளுடைய வாப்பா அஸ்ஃபர் கண்டி பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். தெல்தெனியப் பக்கம் போகும் தனியார் பஸ்கள் எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை மணிக்குப் புறப்பட்டன, பிந்தினால் எதனால் பிந்தின என்று புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை. விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவர், பகல் இரண்டு மணிக்குக் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டதும் கதிரையில் சாய்ந்தபடியே தூங்கிப்போவார்.

"வாப்பா, இந்த பஸ் எல்லாக் கதையிலயும் வருது."

"கார்ட்டூன்ல பஸ் வரத்தான் செய்யும் மகள்."

"இல்ல வாப்பா, இதே பஸ். பாருங்களேன். முன்னுக்கு ஒரு லைட்தான் எரியுது."

ஒற்றை லைட்டோடு ஒரு பஸ் ஓடுகிறது என்றதும் அஸ்ஃபருக்குக் கண் தானாகத் திறந்துகொண்டது. கரடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே, பனி மூடிய தெருவில், சிவப்பு பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஊர் மணிக்கூட்டுக் கோபுரம். முள் சரியாக ஐந்தில் நின்றது.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றார்.

தூக்கம் கலைந்துவிட்டது. மூன்றாவது கதைக்குப் போகச் சொன்னார். கழுதை உட்கார்ந்திருந்த தரிப்பிடத்தில் ஒரு பலகை இருந்தது. 5.05, 6.05, 7.05 என்று எழுதி, மேலே ஒரு ரயில் படமும் போட்டிருந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் போய்வர பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் என்று அதற்கு அர்த்தம். ஐந்து மணிக்குக் கரடி வீட்டைத் தாண்டுகிற பஸ் ஐந்து ஐந்துக்குக் கழுதையின் தரிப்பிடத்துக்கு வரும். சரியான கணக்குத்தான்.

"அப்படியெண்டா மூணு கதையும் ஒரே நாள், ஒரே பின்னேரம் நடக்குது," என்றார் அஸ்ஃபர்.

"அது எனக்குத் தெரியும் வாப்பா. ஆனா இதப் பாருங்க." ரிப்கா முதல் கதையின் கடைசிக்குப் போனாள். கரடி குனிந்து அடுப்பிலிருந்து இரண்டாவது கேக்கை எடுக்கிற நேரம், அதற்குப் பின்னால் அதே பஸ் எதிர்ப்பக்கமாகப் போனது. கோபுரத்தில் ஐந்தரை.

அஸ்ஃபர் எழுந்து டீவிக்குக் கிட்டப் போய் நின்றார். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப வேண்டிய பஸ் அரை மணித்தியாலத்தில் திரும்பியிருக்கிறது. பிந்தி வருகிற பஸ்ஸை அவருக்குத் தெரியும். பதினாலு வருஷமாக அவற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார். இப்படி முந்தி வந்த பஸ்ஸை அவர் கண்டதில்லை.

"பாதி வழியில திருப்பியிருக்கான். ஏன் திருப்பினான்?"

அடுக்களையிலிருந்து ரபீகா எட்டிப் பார்த்தாள். "கார்ட்டூனுக்கும் டைம் எழுதத் தொடங்கிட்டீங்களா? புள்ளைக்குத்தான் சுகமில்ல எண்டு நெனச்சேன்."

அவர் காதில் அது விழவில்லை. பாலத்துக் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறது. அதன் முதுகுக்குப் பின்னால், ஒரு நொடிக்கும் குறைவான நேரம், பஸ் பாலத்தின் நடுவில் நிற்கிறது. முன் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. அஸ்ஃபர் அந்த இடத்தை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் வீரய்யாவிடம் அந்தப் படத்தைக் காட்டினார். வீரய்யா தெல்தெனிய பாதையில் இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஃபோனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பாலத்துல பஸ்ஸ திருப்ப முடியாதுங்க அஸ்ஃபர் நானா. அகலம் காணாது."

"ஆனா பஸ் அரை மணித்தியாலத்துல திரும்பி வந்தீக்கி."

"இருங்க. பனியில டயர் தடம் இருக்கு பாருங்க. பாலத்துக்கு நடுவுல வந்து நின்னிருக்கான். முன் டயருக்கு முன்னாலயும் தடம் கிடக்கு, அப்படின்னா நின்ன எடத்துல இருந்து அதே தடத்துல பின்னுக்கு எடுக்கிறான். பின்னால பனியில ரிவர்ஸ் லைட் வெளிச்சமும் தெரியுது. ரிவர்ஸ்லயே பாலத்த விட்டு எறங்கி, வந்த பக்கத்துலயே எங்கயாவது திருப்பியிருப்பான்." வீரய்யா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "பனியில இப்படிச் செய்யிறவன் நல்ல டிரைவர்தான். எந்த ஊருங்க இது?"

அஸ்ஃபர் உண்மையைச் சொன்னார். வீரய்யா சிரிப்பாரென்றுதான் நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. "அப்போ எதுக்கு ரிவர்ஸ் எடுத்தான்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

அன்று பகல் அஸ்ஃபர் வீட்டுக்கு வந்தபோது ரிப்கா கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்தாள். பஸ்ஸின் பின் ஜன்னலில் இரண்டு நீட்டுக் காதுகள் தெரிவதை அவள் கண்டுபிடித்திருந்தாள். கழுதை அந்த பஸ்ஸில்தான் இருந்தது. ஊரை விட்டுப் போகத்தான் ஏறியிருக்கிறது. ஏறின கழுதையைக் கரடி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது அந்த பஸ்தான்.

"கண்ணாடியில ஒட்டியிருக்கிறது கடிதம் வாப்பா. நரிட கைய விட்டுப் பறந்துச்சே, அந்தக் கடிதம்."

"அது பெர்மிட் ஸ்டிக்கராவும் இருக்கலாம் மகள்."

"ரெண்டும் இல்ல, பனி," என்றாள் ரபீகா. அவளும் எப்போதோ அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "பனி கொட்டுற ஊர்ல கண்ணாடியில பனி ஒட்டாம வேற என்ன ஒட்டும்?"

ஃபோனில் பெரிதாக்கினால் அது கலங்கி வெறும் வெள்ளைக் கட்டமாகிவிட்டது. வீட்டு டீவியோ சின்னது, ஒரு மூலையில் பச்சைக் கோடு வேறு. கடிதமா, ஸ்டிக்கரா, பனியா என்று மூவரும் நாலு நாள் வாதாடினார்கள். சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அதுதான் பேச்சு. கடைசியில் ரிப்காதான் வழி சொன்னாள்: சர்ச் ஹோலில் பெரிய திரை இருக்கிறது.

சனிக்கிழமைக்குள் கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. போகலாமென்று டொக்டரும் சொல்லிவிட்டார். அனற் டீச்சரிடம் அஸ்ஃபர் விஷயத்தைச் சொன்னபோது, டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானும் மூணு தடவ பாத்தேன் நானா. பஸ்ஸையே நான் காணலையே! நீங்க நடுவுல இருக்கிற வரிசையில இருங்க. அந்த எடம் வந்ததும் கைய ஒசத்துங்க. நான் நிறுத்துறேன்."

ஹோலில் அறுபது பிள்ளைகளாவது இருந்தார்கள். பின்னால் பெற்றோரும் நின்றார்கள். ரபீகாவும் வந்திருந்தாள், பனிதான் என்று நிரூபிக்க. கரடி கேக்கைத் தின்றபோது ஹோல் குலுங்கியது. இரண்டாவது கதை தொடங்கியதும் அஸ்ஃபர் பின்னால் நின்ற பெற்றோரைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயது மனிதன், இத்தனை பேர் பார்த்திருக்க, கார்ட்டூனை நிறுத்தச் சொல்லிக் கை உயர்த்துவதா? நரி பாலத்துக்கு வந்தது. காற்று வீசியது. கடிதம் பறந்தது. நரி முகத்தைப் பொத்தியது. அவருடைய கை மடியை விட்டு எழும்பவே இல்லை.

"நிப்பாட்டுங்க!"

ரிப்கா கதிரையில் ஏறி நின்று கத்தினாள். டீச்சர் படபடத்து அழுத்தியதில் படம் கொஞ்சம் தாண்டிப்போய் நின்றது. பின்னுக்கு எடுத்து, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, கடைசியில் அந்த இடம் வந்தது. சுவர் அகலத்துக்கு பஸ் நின்றது. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தது ஒரு வெள்ளை உறை. அதன் மூலையில் மஞ்சள் நட்சத்திரம். நரி வீடு வீடாகக் கொடுத்த எல்லா உறையிலும் இருந்த அதே நட்சத்திரம்.

ரபீகா முதலில் கை தட்டினாள்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் ரிப்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அப்போதுதான் கூச்சம் வந்தது. கதிரையிலிருந்து இறங்கி வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அஸ்ஃபர் எழுந்தார். தினமும் பஸ் நிலையத்தில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"அஞ்சு மணிக்கு பஸ் கரடி வீட்டத் தாண்டுது. அஞ்சு அஞ்சுக்குக் கழுத ஏறுது. அஞ்சு பத்துக்குப் பிறகு பாலத்துல கடிதம் வந்து கண்ணாடியில ஒட்டுது. டிரைவர் உள்ளுக்கிருந்தே கண்ணாடியால பேர வாசிக்கிறாரு. கழுதைக்கு வந்த கடிதம். கழுத பஸ்ஸுக்குள்ள ஈக்கி. அவரு பஸ்ஸ ரிவர்ஸ்ல எடுத்து, கழுதயக் கரடி வீட்டு வாசல்லயே எறக்கி விடுறாரு. அப்ப நேரம் அஞ்சரை."

முன்வரிசைப் பையன் ஒருவன் "ஆ!" என்றான், ஊசி குத்தினது மாதிரி. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. மூன்றாவது கதையில் பஸ் தலைகாட்டிய போதெல்லாம் அறுபது பிள்ளைகளும் "பஸ்! பஸ்!" என்று கூவினார்கள். கழுதை அழுததை ஒருவரும் கவனிக்கவில்லை. கதவைத் தட்டியபோதோ கூரை போகிற மாதிரிச் சத்தம்.

விளக்கைப் போட்டதும் ஷெரோன் என்றொரு சின்னப் பிள்ளை அஸ்ஃபரிடம் வந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

"மாமா, பஸ்ஸ ஓட்டினது யாரு?"

அஸ்ஃபர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மறுபடி படத்தைப் போட்டார். பஸ் வருகிற எல்லா இடத்திலும் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மினுங்குகிறது. இன்னொன்றில் கடிதமே மறைக்கிறது. டிரைவருடைய முகம் எங்கேயும் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே, டீச்சர் வீட்டு மேசையில் இருந்து, டிரைவர் யாரென்று கேட்டு, படம் எடுத்தவர்களுக்கு ஒரு ஈமெயில் அனுப்பினார்கள். அஸ்ஃபர் சொல்லச் சொல்ல டீச்சர் இங்கிலீஷில் எழுதினார். நேரங்களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். டயர் தடத்தைக் கண்டது வீரய்யா என்றும் எழுத வைத்தார். ஒற்றை லைட்டோடு பஸ் ஓட்டுவது ஆபத்து என்று ஒரு வரி சேர்க்க விரும்பினார். ரிப்கா வேண்டாமென்றாள்.

பதில் ஜனவரி நடுவில் வந்தது. எழுதியவர் படத்துக்குப் பின்னணிக் காட்சிகளை வரைந்த ஒரு பெண். கழுதை ஏன் திரும்பி வந்தது என்று கதை எழுதியவர்கள் சொல்லாமல் விட்டது தன் மனதுக்குப் பொறுக்கவில்லையாம். அதனால் யாரிடமும் கேட்காமல் பஸ்ஸையும் கடிதத்தையும் பின்னால் வரைந்து வைத்தாராம். இவ்வளவு காலத்தில் அதை எழுதிக் கேட்டவர்கள் நீங்கள் மட்டும்தான், டயர் தடத்தை ஒரு டிரைவர் பார்த்துச் சொன்னார் என்பதை மூன்று தடவை வாசித்தேன், என்று எழுதியிருந்தார். கடைசியில், டிரைவர் யாரென்று கேட்டிருந்தீர்கள், நான் டிரைவரை வரையவில்லை, யாராக இருக்கலாம் என்று உங்கள் மகளைக் கேட்டுச் சொல்லுங்கள், என்றும் இருந்தது.

டீச்சர் வீட்டுக்கு வந்து அதை வாசித்துச் சொன்னபோது அஸ்ஃபருக்குத் தன் டைம் புத்தகம் நினைவுக்கு வந்தது. பதினாலு வருஷமாக "தாமதம்" என்பதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் "வாகன நெரிசல்" என்றுதான் எழுதியிருக்கிறார். அவை எல்லாவற்றுக்குப் பின்னாலும் என்னென்ன இருந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

ரிப்கா யோசிக்கவே இல்லை. "பெண் டிரைவர்தான். வரைஞ்ச ஆளே ஓட்டியிருப்பா."

"நம்ம வீரய்யா மாதிரி வயசான ஆளாத்தான் இருக்கணும்," என்றார் அஸ்ஃபர். "அனுபவம் இல்லாம அந்த ரிவர்ஸ் வராது."

"ரெண்டு பேரும் இவ்வளவு பாத்தீங்க," என்றாள் ரபீகா, கதவு நிலையில் சாய்ந்தபடி. "அந்த பஸ்ஸுல கண்டக்டர் எங்க?"

ரிப்கா டீவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு அஸ்ஃபர் ரிமோட்டை எடுத்தார்.